ரத்தத்தில் ஒரு ரீடிங்

— மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு மாணவி, இலஞ்சி



நம் பேரவை மலருக்குக் கவிதைகள் குவிந்துவிடும். இந்த வருஷம் காதல் பற்றிப் பதினெட்டு, அம்மா பற்றி ஒன்பது, குற்றாலச் சாரல் பற்றி ஏழு என்று மலர்க்குழுவில் இருக்கும் தோழி கணக்குச் சொன்னாள். எனக்குக் கவிதை வராது. "அப்பம் விஞ்ஞானக் கட்டுரை ஒண்ணு எழுதித் தா, நாலு பக்கம் காலியாக் கிடக்கு" என்றாள். காலிப் பக்கத்தை நிரப்ப வந்தவள்தான் நான். ஆனால் எடுத்துக்கொண்ட விஷயம் பக்கம் நிரப்புகிற விஷயம் அல்ல. நம் ஒவ்வொருவர் ரத்தத்திலும் ஓடுகிற விஷயம்.

முதலில் நான்கு எண்களைச் சொல்கிறேன். 31.5, 22.9, 67.1, 93.1. பார்த்தால் நம் நண்பர்கள் சிலருடைய செமஸ்டர் மதிப்பெண் மாதிரி இருக்கும். இரண்டாவது செமஸ்டரில் சறுக்கி, பிறகு விழுந்து விழுந்து படித்து மேலே வந்த பையன்! உண்மையில் இவை தமிழ்நாட்டு மக்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் கிடைத்த சதவீதங்கள். கொரோனா வைரசுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள், நூற்றுக்கு எத்தனை பேரிடம் இருந்தது என்கிற கணக்கு.

நம் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை இந்த ஆய்வை நான்கு சுற்றுகளாக நடத்தியது. முதல் சுற்று 2020 அக்டோபர்-நவம்பர். இரண்டாவது 2021 ஏப்ரல். மூன்றாவது 2021 ஜூன்-ஜூலை. நான்காவது 2021 டிசம்பரில் தொடங்கி 2022 ஜனவரியில் முடிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இருபதாயிரம் பேருக்குக் குறையாமல் ரத்தம் எடுத்தார்கள். எல்லா மாவட்டங்களிலும் எடுத்தார்கள். 2019 நவம்பரில் பிறந்த நம் தென்காசி மாவட்டத்துக்கு முதல் சுற்றின்போது ஒரு வயசு நிரம்புகிற நேரம். ஏழு கோடிக்கு மேல் மக்கள் உள்ள மாநிலத்தில் இப்படி ஒரே கேள்வியை நான்கு தடவை கேட்டுப் பார்த்தது சாதாரண வேலை இல்லை.

சரி, 31.5 எப்படி 22.9 ஆயிற்று? நூறு பேரில் முப்பத்தொரு பேரிடம் இருந்த பொருள் ஆறே மாதத்தில் இருபத்து மூன்று பேரிடம்தான் இருக்கிறது என்றால், மீதி எட்டுப் பேரிடம் இருந்தது எங்கே போயிற்று? யாரும் களவாண்டு போகவில்லை. இயந்திரமும் பழுதாகவில்லை. ரத்தத்தில் இருந்தது கரைந்துபோயிற்று. இதைப் புரிந்துகொண்டால் மற்ற மூன்று எண்களும் தானாகப் புரியும்.

அருவியும் மலையும்

வைரஸ் உடம்புக்குள் வந்தாலும் சரி, தடுப்பூசி மூலம் அதன் ஒரு பகுதியை மட்டும் காட்டினாலும் சரி, ரத்தத்தில் உள்ள 'பி' செல்கள் என்கிற வெள்ளை அணுக்கள் அதை அடையாளம் கண்டுகொள்ளும். அவற்றில் சில, பிளாஸ்மா செல்லாக உருமாறி, ஆன்டிபாடியைத் தயாரித்துக் கொட்டும். ஆன்டிபாடி என்பது ஒரு புரதம். ஆங்கில 'ஒய்' எழுத்து மாதிரி, ஊர்ப்பக்கம் சொன்னால் கவட்டைக் கம்பு மாதிரி இருக்கும். கவட்டையின் இரண்டு முனைகளும் வைரசின் மேலுள்ள முள்ளைப் பிடித்துக்கொள்ளும். முள் பிடிபட்டால் வைரஸ் நம் செல்லுக்குள் நுழைய முடியாது. இதில் பல வகை உண்டு. பரிசோதனையில் பெரும்பாலும் பார்ப்பது ஐ.ஜி.ஜி. என்ற வகை.

ஊசி போட்ட இரண்டு மூன்று வாரத்தில் இதன் அளவு ஏறி உச்சிக்குப் போகும். அப்புறம் இறங்கும். ஒரு ஐ.ஜி.ஜி. மூலக்கூறு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 21 நாள். உற்பத்தி அடியோடு நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டால், 21 நாளில் பாதி, 42 நாளில் கால், 63 நாளில் அரைக்கால். நம் துறைக்காரர்களுக்கு இந்த வளைவு பழகினதுதான். ஆர்.சி. சர்க்யூட்டில் கண்டென்சர் டிஸ்சார்ஜ் ஆகும்போது கிராஃப் பேப்பரில் போடுகிறோமே, அதே வளைவு.

ஆனால் உடம்பில் அது பூஜ்யத்துக்குப் போவதில்லை. ஏன் என்றால் பிளாஸ்மா செல்கள் எல்லாம் சாவதில்லை. பெரும்பகுதி சில வாரங்களில் செத்துப்போகும். கொஞ்சம் மட்டும் எலும்பு மஜ்ஜைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தயாரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே வளைவு முதலில் வேகமாக இறங்கும், பிறகு படுத்துக்கொள்ளும்.

நம் ஊர்க்காரர்களுக்கு நான் கண்டென்சர் வைத்துச் சொல்வதைவிட அருவி வைத்துச் சொல்வது சுலபம். ஜூன், ஜூலையில் சீசன். மெயினருவியில் ஆர்ச்சைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் விழும், போலீஸ் விசில் அடித்து ஆட்களை வெளியே விரட்டும். அதே அருவி மார்ச் மாதம் எப்படி இருக்கும்? பாறை தெரியும். ஓரத்தில் நூல் மாதிரி ஒரு கசிவு. வெளியூரில் இருந்து அப்போது வந்தவர், "இவ்வளவுதானா குற்றாலம்?" என்று கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். காரணம், அருவிக்குப் பின்னால் மலை இருக்கிறது என்று நமக்குத் தெரியும். மழை பெய்தால் ஒரே ராத்திரியில் நிலைமை மாறும் என்றும் தெரியும்.

ஆன்டிபாடி என்பது அருவியில் விழுகிற தண்ணீர். பரிசோதனைக்கூடம் அளப்பது அந்தத் தண்ணீரை மட்டும்தான். மலைக்குள் இருப்பது நினைவுச் செல்கள். மெமரி செல் என்பார்கள். ஒருமுறை பார்த்த கிருமியை மறுபடி பார்த்தால், முதல் தடவை எடுத்துக்கொண்ட நேரத்தை எடுத்துக்கொள்ளாமல் சீக்கிரமே பிளாஸ்மா செல்களாகப் பெருகும். அதோடு 'டி' செல்கள் என்று இன்னொரு படை உண்டு. அது கிருமி புகுந்துவிட்ட நம் செல்லையே அழித்துவிடும். ஆன்டிபாடி டெஸ்டில் இவை இரண்டும் தெரியாது. (உவமை இந்த இடத்தில் கொஞ்சம் உதைக்கிறது. மலைக்கு மழை மேலேயிருந்து வரவேண்டும். நினைவுச் செல்லுக்குக் கிருமியே மழை. பரவாயில்லை, அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள்.)

இப்போது 22.9-க்கு வருவோம். 2020-இல் முதல் அலையில் தொற்று வந்து தேறியவர்களின் ஆன்டிபாடி, 2021 ஏப்ரலுக்குள் இயந்திரத்தின் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டது. தடுப்பூசி 2021 ஜனவரி 16-ஆம் தேதிதான் தொடங்கியது. முதலில் மருத்துவப் பணியாளர்கள், மார்ச் 1 முதல் அறுபது வயதைத் தாண்டியவர்கள், ஏப்ரல் 1 முதல் நாற்பத்தைந்து தாண்டியவர்கள் என்று படிப்படியாக வந்தது. ஏப்ரல் 17-ஆம் தேதி நடிகர் விவேக் இறந்தார். நம் தெற்கத்திச் சீமைக்காரர். ஊசி போட்ட இரண்டாம் நாள் மாரடைப்பு. அது ஊசியால் அல்ல என்று விசாரணைக் குழு 2021 அக்டோபரில் சொன்னது. ஆனால் அவர் இறந்த சமயத்தில் ஜனங்கள் பலர் ஆரம்ப சுகாதார நிலையத்துப் பக்கம் போகவே பயந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் டெல்டா வந்தது. மே 21-ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று.

அதனால்தான் மூன்றாவது எண் 67.1. இது மகிழ்ச்சியான எண் இல்லை நண்பர்களே. 22.9-இல் இருந்து 67.1-க்கு ஏறியதில் நூற்றுக்கு 74 பங்கு நோய் வந்து கிடைத்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்து, படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்சில் காத்துக் கிடந்து, அப்புறம் கிடைத்த ஆன்டிபாடி. 67.1-இல் இருந்து 93.1-க்கு ஏறியதில் 63 பங்கு ஊசியால் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மெகா முகாம்கள் 2021 செப்டம்பர் 12-ஆம் தேதி தொடங்கியது நினைவிருக்கும். ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேல் ஊசி. மூன்றாவது எண்ணையும் நான்காவது எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஏற்றம்தான். ஆனால் ஏறிய வழி வேறு, கொடுத்த விலை வேறு.

இன்னொரு சின்ன விஷயம். முதல் சுற்றில் நகரத்தில் 35.7, கிராமத்தில் 25.7. நான்காவது சுற்றில் நகரமும் கிராமமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. கிராமத்துக் காற்றுக்கு ஒன்றும் வராது என்று டீக்கடையில் பேசியவர்களுக்கு இந்த இரண்டு வரி போதும்.

ஆச்சிக்கு 31, மாமாவுக்கு 218

இதுவரை மாநிலக் கணக்கு. இப்போது வீட்டுக் கணக்கு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பா கொத்து வேலை. அம்மாவும் ஆச்சியும் பீடி சுற்றுகிறவர்கள். கரண்ட் கார்டு, பேங்க் பாஸ்புக், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எந்தக் காகிதம் வந்தாலும் இப்போதெல்லாம் என் கைக்குத்தான் வரும். "ஏட்டி, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்பார்கள். 2021-இல் நான் சின்னப் பிள்ளை. அப்போது காகிதம் பெரியவர்கள் கையில் இருந்தது. போன வருஷம் தகரப் பெட்டியில் சாதிச் சான்றிதழ் தேடியபோது இரண்டு லேப் ரிப்போர்ட் கிடைத்தது. ஒன்று மாமாவுடையது, ஒன்று ஆச்சியுடையது.

மாமா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். புளியரை தாண்டிக் கேரளத்துக்குக் காய்கறி கொண்டு போவார். 2021 ஜூனில் கோவிஷீல்டு முதல் ஊசி போட்டார். ஜூலையில், "ஊசி பிடிச்சிருக்கான்னு பாத்துருவோம்" என்று ஒரு லேபில் எழுநூறு ரூபாய் கொடுத்து டெஸ்ட் எடுத்தார். 218 என்று வந்தது. பாசிட்டிவ். அவருக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போய் ஆகஸ்டில் வேறொரு லேபில் எடுத்தார். ஆச்சி மார்ச்சிலும் மே மாதத் தொடக்கத்திலுமாக இரண்டு ஊசியும் போட்டு முடித்தவள். அவளுக்கு வந்தது 31.

ஒரு ஊசிக்கு 218. இரண்டு ஊசிக்கு 31. வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது என்று அம்மா சொல்வாள். காகிதத்தைக் கொடுத்த லேபில் இருந்தவர், "வயசாயிட்டுல்லா, இவ்வளவுதான் இருக்கும், பத்திரமா வச்சுக்கிடுங்க" என்று சொன்னதோடு சரி. ஆச்சி அன்றைக்கு வீட்டுக்குள் போனவள்தான். பீடிக் கடைக்கு இலை வாங்கப் போவது நின்றது. குமாரர் கோயிலுக்குப் போவது நின்றது. அந்த அக்டோபரில் கடையநல்லூரில் கூடப்பிறந்த தங்கச்சி இறந்தாள். அதற்கும் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டு உள்ளே போய்விட்டாளாம். மாமாவோ 218 தந்த தைரியத்தில் முகக்கவசத்தைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, இரண்டாவது ஊசிக்கு 84 நாள் முடிந்த பிறகும் போகாமல் டிசம்பர் வரை இழுத்தடித்தார். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது அதிர்ஷ்டம்.

நான் அந்த இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எண்ணைப் பார்க்கவில்லை. நம் மெஷர்மென்ட்ஸ் பாடத்தில் முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்தது என்ன? யூனிட் இல்லாத ரீடிங் ரீடிங்கே இல்லை. மாமாவின் தாளில் ஏ.யு./மி.லி. என்று இருந்தது. பக்கத்தில் '50-க்குக் கீழ் நெகட்டிவ்'. ஆச்சியின் தாளில் வெறும் யு./மி.லி. பக்கத்தில் '0.8-க்குக் கீழ் நெகட்டிவ்'.

இங்கேதான் சூட்சுமம். ஆன்டிபாடியை யாரும் தராசில் நிறுப்பதில்லை. வைரஸ் முள்ளின் ஒரு துண்டை நுண்துகள்களின் மேல் பூசி வைத்திருப்பார்கள். ரத்தத்தின் சீரம் அதன் மேல் படும்போது ஆன்டிபாடி ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைக் கண்டுபிடிக்க, ஒளி உமிழ்கிற ரசாயனம் கட்டிய இன்னொரு பொருளை விடுவார்கள். எவ்வளவு ஒளி வருகிறது என்பதை போட்டோமல்டிபிளையர் அளக்கும். ஆக அடிப்படையில் வருவது ஒளியின் அளவு. அதைக் காலிபரேஷன் வளைவில் போட்டு ஒரு எண்ணாக மாற்றுகிறார்கள். வளைவு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. முள்ளின் எந்தத் துண்டைப் பூசுகிறார்கள் என்பதும் வேறு. ரோச் கருவியில் எல்லைக்கோடு 0.8. ஆபட் கருவியில் 50. டயசோரின் கம்பெனியின் ஒரு கருவியில் 15. ஆச்சியின் 31-ஐ இந்த மூன்று கோட்டுக்கும் நேராக வைத்துப் பாருங்கள். 50 கோட்டில் அவள் ஃபெயில். 15 கோட்டில் பாஸ். 0.8 கோட்டில் எல்லையைப் போல 38 மடங்குக்கு மேல், டிஸ்டிங்ஷன்! அவளுடைய தாள் 0.8 கோட்டுக்காரத் தாள்.

இந்தக் குழப்பம் வரும் என்று தெரிந்துதான் உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் ஒரு பொது அளவுகோலை ஏற்படுத்தியது. கொரோனா வந்து தேறிய பலருடைய பிளாஸ்மாவைக் கலந்து, அதற்கு இத்தனை யூனிட் என்று பெயர் கொடுத்தார்கள். பி.ஏ.யு. என்று அந்த யூனிட்டுக்குப் பெயர். பாரிசில் ஒரு காலத்தில் மீட்டர் கோல் ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்தார்கள் அல்லவா, அந்த மாதிரி. கம்பெனிகள் தங்கள் எண்ணை அதற்கு மாற்ற ஒரு பெருக்கல் எண்ணைக் கொடுத்தன. எல்லைக்கோடு 50 உள்ள கருவிக்கு அந்தப் பெருக்கல் எண் 0.142. எல்லைக்கோடு 0.8 உள்ள கருவிக்குக் கிட்டத்தட்ட 1.

கால்குலேட்டரை எடுத்தேன். 218-ஐ 0.142-ஆல் பெருக்கினால் 30.96.

மாமாவுக்கும் 31. ஆச்சிக்கும் 31.

ஒரே கருவியில் ஒரே நாளில் அளக்காதவரை இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்று என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கருவிகள் பிடிக்கிற ஆன்டிபாடி கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். ஆனால் ஏழு மடங்கு வித்தியாசம் என்று நம்பி ஒரு வீடே இரண்டாகப் பிரிந்து நடந்ததே, அந்த வித்தியாசம் இல்லவே இல்லை.

ஆச்சியிடம் சொன்னேன். மீட்டரும் அடியும் மாதிரிதான் ஆச்சி, ஒரே சுவரை ஒருத்தர் அடியில அளந்தாரு, ஒருத்தர் மீட்டர்ல அளந்தாரு என்று. கொத்தனாரின் மாமியார் அல்லவா, உடனே பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பம் ரெண்டும் ஒண்ணுதானா? அன்னைக்கே ஒருத்தனும் சொல்லலியேட்டி. எந் தங்கச்சி மொகத்தைப் பாத்திருப்பேனே" என்றாள்.

எண் குறைந்தால் ஆபத்தா?

சரி, யூனிட் எல்லாம் சரியாக இருந்து, உண்மையிலேயே எண் குறைவாக இருந்தால்? அப்போது பயப்பட வேண்டுமா?

அதற்கு அருவியை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்க வேண்டும். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து தமிழ்நாட்டுப் போலீசாரை வைத்து ஒரு கணக்கு எடுத்தார்கள். ரத்தம் எடுக்கவில்லை, ஆன்டிபாடி பார்க்கவில்லை. 2021 பிப்ரவரி 1 முதல் மே 14 வரை யார் எத்தனை ஊசி போட்டிருந்தார்கள், யார் கொரோனாவால் இறந்தார்கள், அவ்வளவுதான். மொத்தப் போலீசார் 1,17,524. இரண்டு ஊசி போட்ட 67,673 பேரில் இறந்தவர்கள் 4. ஒரு ஊசி போட்ட 32,792 பேரில் 7. போடாத 17,059 பேரில் 20. ஆயிரத்துக்கு என்று வகுத்தால் 0.06, 0.21, 1.17. சாவைத் தடுப்பதில் ஒரு ஊசிக்கு 82 சதவீதப் பலன், இரண்டு ஊசிக்கு 95. லாக்டவுனில் லத்தியோடு வெயிலில் நின்ற ஆட்கள் இவர்கள். டெல்டா தலைவிரித்தாடிய நேரமும் இதில் வருகிறது.

மாமா இரண்டாவது ஊசி வேண்டாம் என்று நினைத்தது ஏன் தப்புக் கணக்கு என்பது இந்த மூன்று எண்ணில் இருக்கிறது. அவர் காகிதத்தில் இருந்த 218-இல் இல்லை.

அளவு குறைந்தாலும் சாவு ஏன் கூடவில்லை என்பதற்கு ஆஸ்திரேலியாவின் கிர்பி நிறுவன ஆய்வாளர்கள் 2021-இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. நோய் வந்து தேறியவர்களின் சராசரி, வைரசைச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடி அளவை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், சளி என்று வெளியே தெரிகிற நோயில் பாதியைத் தடுக்க அதில் 20 இருந்தால் போதும். ஆளைச் சாய்க்கிற கடும் நோயில் பாதியைத் தடுக்க வெறும் 3 போதும்! ஆகவே அளவு இறங்க இறங்க முதலில் போவது சளிக்கான காவல். ஊசி போட்டவனுக்கும் தொற்று வரும். உயிருக்கான காவல் அதற்கு வெகு கீழே இருக்கிறது. ஒமிக்ரான் வந்து முள்ளின் வடிவம் மாறியபோது பழைய கவட்டை சரியாகப் பொருந்தவில்லை. 93.1 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி இருந்த 2022 ஜனவரியிலேயே மூன்றாம் அலை வந்தது இதனால்தான். வீட்டுக்கு வீடு இருமல். ஆனால் இரண்டாம் அலையின் சுடுகாட்டு வரிசை திரும்ப வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லேப் தாளில் வருவது முள்ளில் ஒட்டுகிற ஆன்டிபாடிகளின் கணக்கு. ஒட்டுவதெல்லாம் தடுப்பதில்லை. தடுக்கிறதா என்று பார்க்க உயிருள்ள செல்லையும் வைரசையும் வைத்துச் செய்கிற சோதனை வேறு. அது எழுநூறு ரூபாய்க்கு நடக்காது.

கோவாக்சின் நல்லதா, கோவிஷீல்டு நல்லதா என்று அப்போது ரஜினி கட்சி, கமல் கட்சி மாதிரி ஒரு சண்டை நடந்தது. 515 மருத்துவப் பணியாளர்களிடம் நடந்த ஓர் இந்திய ஆய்வுதான் அதற்கு எண்ணெய் ஊற்றியது. இரண்டு ஊசிக்குப் பிறகு கோவிஷீல்டு போட்டவர்களில் 98.1 சதவீதம் பேருக்கும், கோவாக்சின் போட்டவர்களில் 80 சதவீதம் பேருக்கும் ஆன்டிபாடி இருந்தது. உடனே கோவாக்சின் தண்ணீர் என்று பேசினார்கள். ஆனால் அந்தச் சோதனை பார்த்தது முள்ளுக்கான ஆன்டிபாடியை மட்டும். கோவிஷீல்டு உடம்புக்குக் காட்டுவது முள்ளை மட்டும்தான். கோவாக்சின் என்பது செயலிழக்கச் செய்த முழு வைரஸ். அதனால் முள்ளுக்கும் கிடைக்கும், உள்ளே இருக்கிற உட்கருப் புரதத்துக்கும் கிடைக்கும். ஒரு பேப்பரில் மட்டும் மதிப்பெண் பார்த்து மொத்த ரேங்க் போடலாமா? நேரடியாக நோயைத் தடுக்கிறதா என்று பார்த்த மூன்றாம் கட்டச் சோதனையில் கோவாக்சின் 77.8 சதவீதப் பலன் காட்டியது.

இதைத் தலைகீழாகத் திருப்பினால் இன்னொரு வேடிக்கை. உட்கருப் புரதத்துக்கான ஆன்டிபாடியைப் பார்க்கிற டெஸ்டும் கடையில் உண்டு. நோய் வராமல் கோவிஷீல்டு மட்டும் போட்டவர் அந்த டெஸ்ட் எடுத்தால் நெகட்டிவ் என்றுதான் வரும். வரத்தான் வேண்டும். அது தெரியாமல் ஊசி போலி என்று எத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டார்களோ! 2021 மே மாதம் லக்னோவில் ஒருவர், கோவிஷீல்டு முதல் ஊசி போட்டும் தனக்கு ஆன்டிபாடி வரவில்லை என்று போலீசில் புகாரே கொடுத்தார். அதே மாதத்தில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஊசி போட்ட பிறகு காப்பு இருக்கிறதா என்று பார்க்க ஆன்டிபாடி டெஸ்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. நம்மூர் லேப் வாசலில் 'ஊசி வேலை செய்கிறதா? இன்றே பரிசோதியுங்கள்' என்று தொங்கிய பேனரில் அது எழுதியிருக்கவில்லை.

நம் செட்டுக்கும் இது பொருந்தும். 2007-இல் பிறந்த என்னைப் போன்றவர்களுக்கு 2022 ஜனவரி 3-ஆம் தேதி தொடங்கிப் பள்ளியில் கோவாக்சின். 2008-இல் பிறந்த ஜூனியர்களுக்கு மார்ச் 16-இல் தொடங்கி கோர்பேவேக்ஸ். அது ஹைதராபாத் தயாரிப்பு, முள்ளின் ஒரு துண்டுப் புரதம் மட்டும். அப்போது ஒரே கருவியில் நம்மை வரிசையாக நிறுத்தி அளந்திருந்தாலும் எண்கள் தாறுமாறாகத்தான் வந்திருக்கும்.

அப்படியானால் ஆன்டிபாடி அளவு பார்ப்பதே வீண் வேலையா? அப்படிச் சொல்ல மாட்டேன். சில நோய்களுக்குக் கோடு தெளிவாக இருக்கிறது. நர்சிங் படிக்கிற தோழிகளைக் கேளுங்கள். மஞ்சள் காமாலை 'பி' ஊசி மூன்றும் போட்ட பிறகு பார்ப்பார்கள். ஒரு மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட் வந்தால் காப்பு உண்டு. வெறிநாய்க்கடி ஊசிக்கு 0.5 யூனிட் என்று ஒரு கோடு. இன்ஃபுளுவென்சா காய்ச்சலுக்கு வேறு மாதிரி. சீரத்தைப் பத்து மடங்கு, இருபது மடங்கு, நாற்பது மடங்கு என்று தண்ணீர் விட்டுக்கொண்டே போவார்கள், எதுவரை வேலை செய்கிறது என்று பார்ப்பார்கள். நாற்பது மடங்கு நீர்த்தும் வேலை செய்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காப்பு என்று இங்கிலாந்தில் 1972-இல் வெளியான ஆய்வு சொன்னது. இன்றும் ஃப்ளூ ஊசிகளுக்கு அதுதான் அளவுகோல். கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷன் செய்தவர்களுக்கு 'டைட்டர்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

கொரோனாவுக்கு அப்படி ஒரு கோட்டை எல்லோரும் ஒத்துக்கொண்டு போடவில்லை. வைரஸ் முள்ளை மாற்றிக்கொண்டே போகிறது, கோடும் நகர்ந்துகொண்டே போகிறது. ஆனால் ஊர் முழுவதையும் ஒரே கருவியில், ஒரே கோட்டில், திரும்பத் திரும்ப அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. 31.5-க்குப் பின்னால் 22.9 வந்ததைப் பார்த்துத்தான், ஒருமுறை நோய் வந்தால் போதும் என்று இருந்துவிட முடியாது என்று தமிழ்நாட்டுக்குத் தெரிந்தது. ஒரு தனி ஆளின் கையில் ஒரு தாளைக் கொடுத்தால் அது இந்த வேலையைச் செய்யாது.

யார் வீட்டு பீரோவிலாவது அந்தக் காலத்து ஆன்டிபாடி ரிப்போர்ட் கிடந்தால் எடுத்து வாருங்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எலக்ட்ரானிக்ஸ் லேப் வராந்தாவில் இருப்பேன். எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் யூனிட்டைப் பார்ப்போம்.